அசையாமல் நின்றவள்

ஐஸ்–தண்ணி விளையாடாத பிள்ளை எங்கேயாவது இருக்குமா? இருந்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். ஒருத்தர் பிடிக்கிறவர், மற்றவர்கள் ஓடுகிறவர்கள். பிடிக்கிறவர் தொட்டு "ஐஸ்" என்றால், தொடப்பட்டவள் எந்தக் கோலத்தில் இருந்தாளோ அந்தக் கோலத்திலேயே உறைந்து நிற்க வேண்டும். ஓடுகிற கூட்டத்தில் இன்னொருத்தி வந்து தொட்டு "தண்ணி" என்று சொன்னால்தான் உருகி ஓடலாம். அதுவரை பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, மூக்கின் மேல் ஈ உட்கார்ந்தாலும் விரட்டக் கூடாது.

எல்லாப் பிள்ளைகளும் இதில் கொஞ்சம் கள்ளம் செய்யும். பிடிக்கிறவன் முதுகைத் திருப்பினால் இரண்டடி நகர்ந்துகொள்ளும். யாருமே தொடாமல் "எனக்குத் தண்ணி குடுத்தாச்சு" என்று ஓடிவிடும். பிள்ளைகள் என்றால் அப்படித்தான், கண்ணுகளா, அதை யார் குற்றம் என்று சொல்வார்கள்? ஆனால் ஒரு சலவைக்கூடத்தில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு அந்தக் கள்ளம் வரவே வராது. ஒரு காலைத் தூக்கியிருக்கும்போது தொட்டுவிட்டால் ஒற்றைக் காலிலேயே நிற்பாள். கால் நடுங்கும், கண்ணில் தண்ணீர் கோத்துக்கொள்ளும், கால் மட்டும் தரைக்கு வராது. அதனால் அவளுக்குத் 'தூணு' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

தூணுவின் அம்மா அங்கே நீலம் போடுகிறவள். விடுதிகளிலிருந்து வருகிற வெள்ளை விரிப்புகளைக் கொப்பரையில் சோடா போட்டு வேகவைத்து, இரண்டு தொட்டியில் அலசி, மூன்றாவது தொட்டியில் நீலத்தில் முக்கி எடுப்பார்கள். அந்த மூன்றாவது தொட்டி அவளுடையது. துணியில் முடிந்த நீலத்தைத் தண்ணீரில் சுழற்றி, உள்ளங்கையில் ஒரு கை அள்ளி வெளிச்சத்தில் பார்ப்பாள். நீலம் கூடினால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும், குறைந்தால் வெள்ளை பழுப்படித்துக் கிடக்கும். அவள் கண்ணுக்கு அது தப்பியதே இல்லை. விரல் நகங்கள் ஞாயிற்றுக்கிழமைகூட நீலமாகத்தான் இருக்கும். கட்டியவன் வேலை தேடிப் போகிறேன் என்று போய் ஏழு வருஷம் ஆயிற்று, ஒரு கடுதாசி இல்லை. கூடத்தின் பின்பக்கம் கரி அடுப்புக்குப் பக்கத்தில் ஒற்றை அறை ஒன்று இருந்தது. முதலாளியம்மா அதை வாடகை இல்லாமல் விட்டிருந்தாள். தாயும் மகளும் அதில்தான்.

கொப்பரைக்குப் பொறுப்பு இன்னொருத்தி. நீலக்காரிக்கு ஆறேழு வயது மூத்தவள், கணீரென்ற குரல். முதுகுவலிக்காரப் புருஷன், மாமியார், மூன்று பிள்ளைகள் எல்லாரோடும் தெருமுனையில் ஒரே அறையில் இருந்தாள். ஒருத்தர் புரண்டு படுத்தால் எல்லாரும் புரள வேண்டும் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அவளுடைய மூத்த மகள்தான் வாலு. பதினோரு வயது. கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அவள்தான் தலைவி, தூணுவுக்கோ அவள் சாமி மாதிரி.

ஈர விரிப்பை ஒருத்தியாகப் பிழிய முடியாது. ஆளுக்கொரு முனையைப் பிடித்து, எதிரும் புதிருமாக முறுக்க வேண்டும். நீலக்காரியும் கொப்பரைக்காரியும் அப்படி ஒரே விரிப்பின் இரண்டு முனையில் நின்று பதினோரு வருஷம் ஆகியிருந்தது. கை முறுக்கும், வாய் பேசும்.

"ஏண்டி, நேத்து நீலத்தைத் தூக்கலா போட்டுட்டியாமே? மூணாம் நம்பர் ரூம்காரன் வானத்துல படுத்த மாதிரி இருக்குன்னானாம்."

"அவன் விட்ட குறட்டையில மேகமெல்லாம் ஓடிப்போயிருக்கும்க்கா. இழுங்க, தளர விடாதீங்க."

"நானா தளர விடறேன்? உனக்குத்தான் கை சோர்ந்து போச்சு. ராத்திரி என்ன சாப்பிட்ட?"

"ரொட்டியும் டீயும்."

"அதான். மத்தியானம் நம்ம வீட்டுல பருப்பு இருக்கு, வந்து ரெண்டு வாய் போட்டுக்கோ. சும்மா மூஞ்சியத் தூக்காதே, பிள்ளையையும் கூட்டிட்டு வா."

இப்படி ஒருத்தி. தூணு பிறந்த அன்றைக்கு வெந்நீர் வைத்து, தொப்புள்கொடி அறுக்கும்வரை பக்கத்திலேயே இருந்தவளும் அவள்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

அந்த வாரம் நாலு நாள் விடாமல் மழை. வெளுத்த துணியெல்லாம் ஈரத்தோடு குவிந்து, வாடை அடிக்கத் தொடங்கிவிட்டது. ஐந்தாம் நாள் மத்தியானம் வெயில் சுள்ளென்று வந்தது. பெரிய விடுதிக்கு அன்று சாயங்காலம் கூட்டமாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள், அறுபது விரிப்பு வேண்டும் என்று ஆள் வந்து நின்றான். முதலாளியம்மா வெயிலில் காய்ந்தவரைக்கும் பாதித் துணியை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவளே கிளம்பினாள்.

"மீதியக் காயப்போட்டு வைங்க, நான் வந்து எடுத்துட்டுப் போறேன். கொடிப்பக்கம் ஒரு பிள்ளை கால் வைக்கக் கூடாது." கொப்பரைக்காரியைத் தனியாகப் பார்த்துச் சொன்னாள், "உன் மூத்தவளைத்தான் சொல்றேன். போன மாசம் கொடியில தொங்கி ஊஞ்சல் ஆடினா. இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா நீ வேற இடம் பாத்துக்கோ. நான் சொன்னாச் சொன்னதுதான்."

கொடிகள் ஆறு வரிசை. துணியைப் போட்டதும் பாரத்தில் கயிறு நடுவில் தொய்யும். அதைத் தூக்கி நிறுத்த, நுனியில் கவை உள்ள நீளக் கம்பு ஒன்றைக் கொடிக்கு அடியில் முட்டுக்கொடுப்பார்கள். ஊன்றுகம்பு என்று பேர். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கம்பு. அது நின்றால் துணி காற்றில் பறக்கும், சாய்ந்தால் பன்னிரண்டு விரிப்பும் மண்ணில்.

பெரியவர்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். ஊன்றுகம்புதான் தாச்சி. ஓடி வந்து அதைப் பிடித்துக்கொண்டால் யாரும் தொட முடியாது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளுக்கு, நாலு நாள் வீட்டுக்குள் அடைந்து கிடந்த கால்கள். வெள்ளை வெளேரென்று சுவர் சுவராகத் தொங்குகிற விரிப்புகள், நடுவில் சந்து சந்தாக வழி. இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? சாட் பூட் திரி போட்டார்கள். இஸ்திரிக்காரர் மகன் பிடிக்கிறவன் ஆனான். குண்டுப் பையன், ஆனால் கையை நீட்டினால் எட்டிவிடும். வந்த வேகத்தில் நாலாவது கொடிக்குப் பக்கத்தில் தூணுவைத் தொட்டான்.

"ஐஸ்!"

தூணு நின்றுவிட்டாள். ஒரு கை முன்னே, ஒரு கை பின்னே, வாய் பாதி திறந்தபடி.

அவன் அடுத்தபடி வாலுவைத் துரத்தினான். வாலு விரிப்புக்கு அடியில் குனிந்து, இந்தப் பக்கம் வந்து, அவன் சுற்றி வருவதற்குள் நாலாவது கொடியின் ஊன்றுகம்பைக் கட்டிக்கொண்டாள். "தாச்சி!" என்று கத்தினாள். மழையில் ஊறிய தரை, தொட்டித் தண்ணீர் வழிந்த சேறு. கம்பின் அடி வழுக்கியது. கொடி அப்படியே இறங்கியது. பன்னிரண்டு விரிப்பும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேற்றில் விழுந்தன.

இஸ்திரிக்காரர் மகன் அடுத்த வரிசை விரிப்புக்கு அந்தப் பக்கம் இருந்தான். அவனுக்குத் துணி விழுந்த சத்தம்தான் கேட்டது. எடுத்தான் ஓட்டம். மற்றப் பிள்ளைகளும் ஓடின. வாலு ஒரு நிமிடம் நின்றாள். மூன்றடி தூரத்தில் தூணு.

"அசையாதே. நான் வந்து தண்ணி குடுக்கறேன், சத்தியமா" என்றாள் வாலு. சொல்லிவிட்டு அவளும் ஓடினாள்.

தூணு அசையவில்லை.

முதலாளியம்மா திரும்பி வந்தபோது அவள் கண்ட காட்சி இதுதான். சேற்றில் துணி, சாய்ந்து கிடந்த கம்பு, பக்கத்தில் கையை நீட்டியபடி நிற்கிற ஒரு பிள்ளை.

"நீதானாடி? கேக்கறேன்ல, வாயைத் திற. நீதானா?"

தூணு பேசவில்லை. உறைந்தவள் பேசக் கூடாது அல்லவா? கண் மட்டும் வாலு ஓடிய வேலிப் பக்கமே இருந்தது.

"எவ்வளவு அழுத்தம் பாரு! வாயைத் திறக்கறாளா பாரு!"

நீலக்காரி கை ஈரத்தோடு ஓடி வந்தாள். மகளை அந்தக் கோலத்தில் பார்த்ததும் அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. தோளைப் பிடித்து உலுக்கினாள். பிள்ளை மரம் மாதிரி இருந்தாள். கடைசியில் இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் அறைக்குள் போனாள், ஒன்பது வயதுப் பிள்ளையை. உள்ளே போய் இறக்கிவிட்ட பிறகும் தூணு முதலில் கேட்டது ஒரே கேள்வி.

"வாலு வந்தாளாம்மா?"

பிறகுதான் அழுகை, பிறகுதான் கதை முழுதும் வந்தது.

வெயில் சாய்ந்த நேரம், நீலக்காரி குழாயடிக்குப் போனாள். கொப்பரைக்காரி அங்கே கரி படிந்த கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள், தண்ணீர் இரைச்சல் போடட்டும் என்று.

"அக்கா, வாலுதான் கம்பைப் பிடிச்சாளாம்."

"யாரு சொன்னா?"

"என் பிள்ளை சொன்னா. உங்களுக்குத் தெரியாதா? கொப்பரையில நின்னா நாலாவது கொடி நேரா தெரியும். நீங்க பாக்கலையா?"

 கொப்பரைக்காரி குழாயை மூடினாள்.

"பாத்தேன்."

"பாத்துட்டுமா சும்மா இருந்தீங்க? என் பிள்ளையை அவ அந்தப் பேச்சு பேசறா, நீங்க துடுப்பைப் போட்டுக் கிண்டிட்டு நின்னீங்களே!"

"கத்தாதே. உக்காரு. உக்காருடி, சொல்றேன்." கையைப் பிடித்துத் துவைகல்லில் உட்காரவைத்தாள். "மத்தியானம் அந்தம்மா என்ன சொல்லிட்டுப் போச்சுன்னு உன் காதுலயும் விழுந்துச்சில்ல? என் பேரைச் சொன்னா நாளைக்கே நான் வெளியில. அந்த மனுஷன் படுத்தா எந்திரிக்க ஒரு ஆள் வேணும். கிழவி ஒண்ணு. மூணு உருப்படி. எங்கே போவேன் நான்?"

"அதுக்கு என் பிள்ளை என்ன பண்ணும்?"

"உன் பிள்ளைக்கு இதுதானே முதல் தடவை? அதுவும் வாய் இல்லாப் பூச்சி, எல்லாருக்கும் தெரியும். தெரியாம பண்ணிட்டேன், மன்னிச்சிருங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. அந்தம்மாவுக்குக் கோவம் வரும், போகும். நான் பக்கத்துல இருந்து பேசறேன். பன்னெண்டு பெட்ஷீட்டையும் நானே திரும்ப வெளுத்துத் தரேன்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா, என் பிள்ளையை?"

"பொய்யின்னு ஏன் பாக்கறே? எனக்காகன்னு பாரேன்." கொப்பரைக்காரியின் கணீர்க் குரல் உடைந்துபோயிருந்தது. "நான் இதுவரைக்கும் உங்கிட்ட எதுவும் கேட்டதில்ல. இவ பொறந்தப்போ விடிய விடிய உன் கையைப் பிடிச்சிட்டு இருந்தேன். அதுக்காகக் கேக்கல. சும்மா, அக்கான்னு கூப்பிடறியே, அதுக்காகக் கேக்கறேன்."

இப்படிக் கேட்டால் யார்தான் முடியாது என்று சொல்வது? நீலக்காரி எழுந்து வந்துவிட்டாள்.

காலையில் மகளுக்குத் தலை வாரிக்கொண்டே சொன்னாள்.

"ஒரே ஒரு வார்த்தைதான், தங்கம். நான்தான் கம்பைப் பிடிச்சேன், தெரியாம விழுந்துடுச்சு, மன்னிச்சிருங்க. அவ்வளவுதான்."

"நான் பிடிக்கலையேம்மா."

"தெரியும்."

"உனக்குத் தெரியும்ல? நான் ஐஸா இருந்தேன்."

"தெரியும்டி கண்ணு."

"அப்புறம் ஏன்?"

தாய் பின்னலை இறுக்கிக் கட்டினாள்.  "பெரியவங்க சொன்னா ஒரு காரணம் இருக்கும்" என்றாள். தன் காதுக்கே அது நன்றாக இல்லை.

முதலாளியம்மா துணிக்கட்டுகளைப் பிரித்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். துணி குறைந்ததற்காக விடுதிக்காரன் முந்தைய நாள் நாலு பேர் முன்னால் வைத்து அவளை ஏசியிருந்தான், அந்தச் சூடு ஆறவில்லை. தூணு அம்மா சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தாள். 'மன்னிச்சிருங்க' என்கிற இடத்தில் குரல் இல்லை, உதடு மட்டும் அசைந்தது.

"தனியாவா விளையாடினே? வேற யாரெல்லாம் இருந்தாங்க?" என்று கேட்டாள் முதலாளியம்மா.

இந்தக் கேள்விக்கு யாரும் தயார்செய்து வைக்கவில்லை. பிள்ளை அம்மாவைப் பார்த்தாள். அம்மா வாய் திறப்பதற்குள் வாசலிலிருந்து கொப்பரைக்காரி பேசினாள்.

"எங்க பிள்ளைங்க யாரும் வரலைங்கம்மா. பள்ளிக்கூடம் விட்டு நேரா வீட்டுக்குப் போயிட்டாங்க. இவதான் இங்கயே இருக்கறவளா, எந்நேரமும் கொடிக்குள்ள புகுந்து புகுந்து வருவா. நானும் எத்தனையோ தடவை சொல்லிட்டேன், கம்பைப் பிடிச்சு ஆடாதேன்னு. அம்மாக்காரிகிட்டயும் சொன்னேன்."

நீலக்காரி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தைதான் என்று கேட்டவள், கேட்காத பத்து வார்த்தையைத் தானாகச் சேர்த்துச் சொல்கிறாள். இப்போது உண்மையைச் சொல்லலாம் என்றால், ஒரு நிமிடத்துக்கு முன்னால் மகள் ஒப்பித்தது பொய்யாகும். சொல்லிக்கொடுத்தது யார் என்று கேள்வி வரும். தான் கட்டிய முடிச்சில் தன் கழுத்தே மாட்டியிருந்தது. கொப்பரைக்காரியின் முகத்தைப் பார்த்தாள். அவள் துணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ இங்க குடியிருக்கறதாலதான் இந்த வினை" என்றாள் முதலாளியம்மா. அவளும் கெட்டவள் இல்லை. கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னாள். "வேலைக்கு நீ வா. உன் கை எனக்கு வேணும். ஆனா அறையைக் காலி பண்ணிடு. பிள்ளை கேட்டுக்குள்ள வரக் கூடாது."

மூன்றாம் நாள் தாயும் மகளும் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஸ்டவ், இரண்டு பாயோடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு தகரக் கொட்டகைக்குப் போனார்கள். வேலைக்கு வர முக்கால் மணி நேர நடை. அடுத்த வாரம் அந்த ஒற்றை அறைக்குக் கொப்பரைக்காரியின் மாமியாரும் புருஷனும் கட்டிலோடு வந்தார்கள். கரி அடுப்புப் பக்கம், முதுகுக்குச் சூடு நல்லது என்று முதலாளியம்மாவே கொடுத்தாளாம். பிள்ளைகள் பழைய வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று கண்டிஷனாம்.

விரிப்பைப் பிழிய மட்டும் இரண்டு பேர் வேண்டியிருந்தது. கட்டில் வந்து இறங்கிய அன்று முழுக்கப் பேச்சில்லாமல் முறுக்கினார்கள். சாயங்காலம்தான் கொப்பரைக்காரி வாயைத் திறந்தாள்.

"அறையை நான் கேக்கலடி. அந்தம்மாவாத்தான் குடுத்துச்சு."

"சரிக்கா."

"வேண்டாம்னு எப்படிச் சொல்றது, சொல்லு?"

"நான் ஒண்ணும் கேக்கலையே. இழுங்க, தளருது."

"ஏதாவது திட்டிடேன் என்னை. வாயில வந்தபடி திட்டிடு."

நீலக்காரி திட்டவில்லை. திட்டினால் அவள் மனசு ஆறிவிடும் என்று தெரியும். அந்த ஒன்றையாவது கொடுக்காமல் வைத்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் போயிற்று. தூணு பள்ளிக்கூடம் விட்டதும் கம்பிவேலிக்கு வெளியே இருந்த வெறும் நிலத்தில் அம்மாவுக்காகக் காத்திருப்பாள். முதலில் தனியாகக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் அங்கேதான் இப்போது விளையாடின. நாலு நாள் கூப்பிட்டன, ஐந்தாம் நாள் அவளும் எழுந்து போனாள். வாலுவும் இருந்தாள். பிள்ளைகளுக்குக் கோபத்தை அவ்வளவு நாள் தூக்கிச் சுமக்கத் தெரியாது என்று நீலக்காரி நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் நிம்மதிகூட வந்தது.

ஒருநாள் வேலி ஓரம் இருந்த தொட்டியில் இரண்டு பேரும் பிழிந்துகொண்டிருந்தார்கள். வெளியே ஆட்டம். அன்றைக்கு வாலு பிடிக்கிறவள். தூணுவைத் துரத்திக்கொண்டு வேலி வரைக்கும் வந்தாள். கையை நீட்டி முதுகில் நன்றாக வைத்தாள். சட்டை உள்ளே அமுங்கியது தெரிந்தது. தொட்ட சத்தம்கூடக் கேட்டது.

"ஐஸ்!"

தூணு நிற்கவில்லை. பத்தடி ஓடித் திரும்பினாள்.

"தொடலை" என்றாள்.

"தொட்டேன்டி! முதுகுல அடிச்ச மாதிரி தொட்டேன்!"

"தொடலை. எங்கம்மா மேல சத்தியமா தொடலை."

குரலில் நடுக்கம் இல்லை. கண் சிமிட்டவில்லை. பிள்ளைகள் கூடிவிட்டன.

"தூணு பொய் சொல்லமாட்டா. வாலு, நீதான் அழுகுணி ஆட்டம் ஆடறே" என்றான் இஸ்திரிக்காரர் மகன்.

"சத்தியமா தொட்டேன்! சத்தியமா!" வாலுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாரும் நம்பவில்லை. அவள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள், "நீலக்கா, நீங்க இங்கதானே நின்னீங்க? நீங்க பாத்தீங்கல்ல? சொல்லுங்க!"

விரிப்பின் மறுமுனையில் முறுக்கு நின்றது. கொப்பரைக்காரி இவளையே பார்த்தாள். வேலிக்கு வெளியே அத்தனை பிள்ளைகளும் பார்த்தன. தூணு மட்டும் பார்க்கவில்லை. குனிந்து காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள், அம்மா என்ன சொன்னாலும் தனக்கு ஒன்றும் இல்லை என்பதுபோல.

 ஈரத் துணியைப் பிடித்த நீலக்காரியின் கையில் தண்ணீர் முழங்கை வரை வழிந்தது.

"தொடலை" என்றாள்.

வாலு அழுதுகொண்டே போனாள். கொப்பரைக்காரி தன் முனையை மறுபடி முறுக்க ஆரம்பித்தாள். ஆட்டம் தொடர்ந்தது.

வேலை முடிந்து தாயும் மகளும் ரயில் பாதை ஓரமாக நடந்தார்கள். தாய் சோற்றுப் பாத்திரத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். வெகுதூரம் வந்துவிட்டார்கள். கடைசியில், "அவ தொட்டாதானே?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றாள் மகள். ஒளிக்கவில்லை.

"அப்புறம் என் மேல சத்தியம் பண்ணினியே."

தூணு தண்டவாளத்தின் மேல் ஏறி, கையை விரித்து, ஒரு காலுக்கு முன் ஒரு காலாக நடந்தாள். கொஞ்ச தூரம் போனபிறகு திரும்பாமலே சொன்னாள்.

"நீ இன்னைக்காவது எனக்காகப் பேசினல்லம்மா."